ஒற்றைத் துறையா, பல பொருளா? இணைய எழுத்தில் வருமானம் தேடும் தென்னாப்பிரிக்கத் தமிழருக்கு ஓர் ஒப்பீடு

டர்பனிலும் பீட்டர்மாரிட்ஸ்பர்கிலும் லெனேசியாவிலும் வாழும் நம்மவர்களில், நல்ல ஆங்கிலமும் ஓரளவு தமிழும் எழுதும் ஆர்வமும் உள்ள பலர், இணையத்தில் எழுதிப் பக்க வருமானம் தேட முடியுமா என்று கேட்கிறார்கள். அதையொட்டி உடனே இன்னொரு கேள்வியும் எழுகிறது. ஒரே துறையைப் பிடித்துக்கொண்டு அதைப் பற்றியே எழுதுவதா, அல்லது சமையல், பயணம், பணம், கோயில், கிரிக்கெட் என்று மனம் செல்லும் பொருள் எல்லாவற்றையும் எழுதுவதா? இரண்டுக்கும் ஆதரவாகப் பேசுவோர் உண்டு. இரு தரப்பும் சொல்வதில் உண்மையும் உண்டு. ஆனால் பெரும்பாலான அறிவுரைகள் எழுதுபவரின் மனப்போக்கை மட்டும் பார்த்து முடிவு சொல்கின்றன: பொறுமையுள்ளவர் ஒரு துறையில் இறங்கலாம், பலவற்றில் நாட்டமுள்ளவர் பலவற்றை எழுதலாம் என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. மனப்போக்கை இரண்டாவதாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. எழுதியதற்கான பணம் யாரிடமிருந்து, எப்போது வருகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எழுதிக் கொடுத்ததும் ஒரு முறை பணம் வந்து கணக்கு முடிந்துவிடும் வேலைக்குப் பல பொருள் எழுதும் திறன் உதவுகிறது. எழுதியது சொந்தத் தளத்தில் தங்கி, ஆண்டுக்கணக்கில் வாசகர்களை அழைத்துவந்து சிறிது சிறிதாகப் பணம் தரும் வேலையில் ஒற்றைத் துறைதான் தாக்குப்பிடிக்கிறது.

அகல உழுவதைவிட ஆழ உழ வேண்டும் என்ற பழமொழியை ஒற்றைத் துறையினர் எடுத்துக்காட்டுவது வழக்கம். நிலம் தன்னுடையதாக உள்ள உழவருக்கு அது முழுவதும் பொருந்தும். பிறர் நிலத்தில் நாள்கூலிக்கு உழுபவரோ, வேலை கிடைக்கும் வயலில் எல்லாம் உழுதால்தான் வீட்டில் உலை வைக்க முடியும். இணைய எழுத்தில் இவ்விரு நிலைகளும் ஒரே பெயரில் வழங்குவதால்தான் இந்தக் கேள்விக்கு இவ்வளவு குழப்பமான பதில்கள் கிடைக்கின்றன.

கூலி எழுத்தின் கணக்கு

எழுதுவோரையும் வாடிக்கையாளரையும் இணைக்கும் ஃபைவர், அப்வொர்க் போன்ற தளங்களின் வழியாகவோ நேரடியாகவோ ஒரு வாடிக்கையாளருக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பதைத்தான் கூலி எழுத்து என்கிறேன். இதில் தென்னாப்பிரிக்கருக்குச் சில இயல்பான வசதிகள் உள்ளன. நம் பள்ளிகளில் கற்பிக்கப்படும் ஆங்கில எழுத்துக்கூட்டு பிரிட்டனுடையதே. நம் கடிகாரம் லண்டனைவிட, அங்குள்ள கோடையில் ஒரு மணி நேரமும் அங்குள்ள குளிர்காலத்தில் இரண்டு மணி நேரமும் மட்டுமே முன்னே ஓடுகிறது. ஆகவே அங்குள்ள வாடிக்கையாளர் காலையில் அனுப்பும் திருத்தத்தை அன்று மாலைக்குள் முடித்து அனுப்ப முடிகிறது. 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 18 ராண்ட் என்ற அளவில் மாற்று விகிதம் இருந்தது. இத்தகைய விகிதத்தில், வெளிநாட்டு வாடிக்கையாளருக்குக் குறைவாகத் தோன்றும் தொகை இங்கே ஒரு வாரத்து மளிகைச் செலவைத் தாங்குகிறது.

இத்தகைய வேலையில் ஒற்றைத் துறைப் பிடிவாதம் தொடக்கத்தில் தடையாகிறது. இந்த வாரம் பல் மருத்துவமனையின் இணையதளம், அடுத்த வாரம் லாரி நிறுவனத்தின் அறிமுகக் குறிப்பு, அதற்கடுத்து நாய்த் தீவன விளம்பரம் என்று வருவதை எல்லாம் ஏற்பவருக்கே வேலை தொடர்ந்து வரும். பல பொருள் எழுதுவதால் கிடைக்கும் இன்னொரு பயனும் குறைவானதன்று: எந்தப் பொருளில் தமக்கு விரைவாக எழுத வருகிறது, எந்தப் பொருளில் கேட்ட விலையைக் கொடுக்கிறார்கள் என்பதை எழுதுபவர் பிறர் பணத்தில் கற்றுக்கொள்கிறார்.

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஃபைவர் தளம் எழுத்தாளரின் ஒவ்வொரு கூலியிலும் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. எழுதிக் கொடுத்த கட்டுரை வாடிக்கையாளருடையது. அது அவருக்குப் பத்து ஆண்டுகள் பயன் தந்தாலும் எழுதியவருக்கு மறு காசு வராது. 2022 நவம்பர் இறுதியில் சாட்ஜிபிடி வெளியான பின்னர், எவரும் எழுதக்கூடிய பொதுவான விளக்கக் கட்டுரைக்கு வாடிக்கையாளர் கொடுக்கத் தயாராக உள்ள விலை நிச்சயமாகப் பாதிக்கப்பட்டிருக்கிறது. எல்லாப் பொருளையும் மேலோட்டமாக எழுதத் தெரிந்தவரின் இடத்தைத்தான் இயந்திரம் முதலில் பிடித்துக்கொள்கிறது. எனவே கூலி எழுத்தில்கூட, பல பொருளில் தொடங்கியவர் நாளடைவில் இரண்டு மூன்று துறைகளுக்குள் தம்மைச் சுருக்கிக்கொள்வதே விலையைக் காப்பாற்றும் வழி.

பல பொருள் தளங்களுக்கு நேர்ந்தவை

சொந்தத் தளத்தில் ஏன் பல பொருள் நிற்பதில்லை என்பதைப் புரிந்துகொள்ள, கடந்த பதினைந்து ஆண்டுகளில் நடந்ததைப் பார்க்க வேண்டும். அப்போதெல்லாம் எவரும் எதைப் பற்றியும் எழுதலாம், விளம்பர வருவாயில் பங்கு உண்டு என்று அழைத்த பெருந்தளங்கள் பல இருந்தன. அசோசியேட்டட் கன்டென்ட் என்ற தளத்தை யாஹூ 2010-இல் விலைக்கு வாங்கியது. ஈஹவ் தளத்தை நடத்திய டிமாண்ட் மீடியா 2011 ஜனவரியில் நியூயார்க் பங்குச் சந்தையில் நுழைந்தது. அடுத்த மாதமே கூகுள், பாண்டா என்று பின்னர் அறியப்பட்ட மாற்றத்தைத் தன் தேடுபொறியில் கொண்டுவந்தது. அமெரிக்காவில் தேடல்களின் 12 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவான பகுதியில் அதன் விளைவு தெரிந்தது. எல்லாவற்றையும் பற்றிக் கொஞ்சம் கொஞ்சம் சொல்லிக் குவித்த தளங்கள் தேடல் முடிவுகளில் கீழே இறங்கின. அசோசியேட்டட் கன்டென்ட் யாஹூ வாய்சஸ் என்று பெயர் மாறி, 2014 ஜூலையில் மூடப்பட்டது. அதே ஆண்டு இதே வகையைச் சேர்ந்த ஸ்க்விடூ தளத்தை, அதன் போட்டித் தளமான ஹப்பேஜஸ் வாங்கிக்கொண்டது.

ஹப்பேஜஸ் அடுத்துச் செய்ததுதான் நம் கேள்விக்கு மிக நெருங்கிய பாடம். பல்லாயிரம் எழுத்தாளர்களின் பல பொருள் கட்டுரைகளை ஒரே முகவரியில் வைத்திருந்த அந்நிறுவனம், 2016 முதல் வளர்ப்பு விலங்குகளுக்கு ஒரு தளம், கல்விக்கு ஒரு தளம், உணவுக்கு ஒரு தளம் என்று தனித்தனித் தளங்களைத் தொடங்கி, தேர்ந்தெடுத்த கட்டுரைகளைத் திருத்தி அவற்றுக்கு மாற்றியது. எழுதியவர் பழைய எழுத்தாளர்தான், கட்டுரையும் பெரும்பாலும் பழையதுதான். ஒரே துறைக் கட்டுரைகளின் நடுவே அதற்கு இடம் கிடைத்தது என்பது மட்டுமே வேறுபாடு. ஆகவே எழுத்தாளர் பல பொருளில் நாட்டம் உள்ளவராக இருக்கலாம். தளம் மட்டும் ஒரே பொருளைப் பற்றியதாக இருந்தால் போதும். இந்த வேறுபாட்டைத் தெளிவாகப் பிடித்துக்கொண்டாலே, தன் இயல்பை நெரித்துக்கொள்ள வேண்டுமோ என்ற பலருடைய அச்சம் நீங்கிவிடும்.

2022 ஆகஸ்டில் கூகுள் பயனுள்ள உள்ளடக்கம் பற்றிய தன் வழிகாட்டலை வெளியிட்டபோது, தள உரிமையாளர்கள் தம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளையும் பட்டியலிட்டது. தளத்துக்கு ஒரு முதன்மையான நோக்கம் இருக்கிறதா என்பதும், ஏதாவது ஒன்று தேடலில் மேலே வரும் என்ற நம்பிக்கையில் பற்பல பொருள்களில் எழுதிக் குவிக்கிறீர்களா என்பதும் அவற்றுள் அடங்கும். இதைவிட வெளிப்படையாக ஒரு தேடுபொறி தன் விருப்பத்தைச் சொல்ல முடியாது.

ஆனால் இதை வைத்து ஒற்றைத் துறையே பாதுகாப்பு என்று முடிவு கட்டுவது சரியாகாது. 2023 செப்டம்பரிலும் 2024 மார்ச்சிலும் கூகுள் செய்த மாற்றங்களில், ஒரே துறையைப் பற்றி மட்டும் எழுதிய சிறு தளங்கள் ஏராளமாகத் தம் வாசகர்களை இழந்தன. அவற்றில் பல, விளம்பரதாரர்கள் நல்ல விலை தரும் துறையைக் கணக்குப் பார்த்துத் தேர்ந்து, பிற தளங்களில் இருந்ததையே மாற்றி எழுதியவை. கூடாரத்தைத் தொட்டே பார்க்காமல் சிறந்த பத்துக் கூடாரங்கள் என்று எழுதியவை. நேர்மையாக எழுதிய சில தளங்களும் அவற்றோடு சேர்ந்து அடிபட்டன என்பது வருத்தத்துக்குரியது. 2024 மே முதல் கேள்விக்கான விடையைச் செயற்கை நுண்ணறிவின் வழியாகத் தேடல் பக்கத்திலேயே தரும் முறை பரவிவருவதால், ஒரு வரியில் விடை சொல்லிவிடக்கூடிய எந்தத் துறையும் இனிச் சொந்தத் தளத்துக்கு உகந்ததன்று. துறை சிறியதாக இருந்தால் மட்டும் போதாது. அத்துறையில் எழுதுபவரிடம் பிறரிடம் இல்லாத பொருள் ஏதாவது இருக்க வேண்டும்.

வற்றிப்போகும் துறைகள்

ஒற்றைத் துறையின் பெரிய அபாயத்துக்கு நம் நாட்டிலேயே அண்மையில் ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்தபோது, இன்வெர்ட்டர், லித்தியம் மின்கலம், கூரைச் சூரியத் தகடு ஆகியவற்றைப் பற்றி எழுதியவர்களுக்கு வாசகர் பெருகினர். வீட்டுக் கூரையில் புதிய சூரியத் தகடு பொருத்துவோருக்கு அதன் விலையில் 25 சதவீதம், அதிகபட்சம் 15,000 ராண்ட் வரை வரிச் சலுகை கிடைக்கும் என்று அரசு அறிவித்த பிறகு அந்த ஆர்வம் மேலும் கூடியது. அந்தச் சலுகை 2024 பிப்ரவரி 29-ஆம் தேதியுடன் முடிந்தது. அதே ஆண்டு மார்ச் 26 முதல் மின்வெட்டு நிறுத்தப்பட்டு, பத்து மாதங்களுக்கு மேல் விளக்குகள் அணையாமல் எரிந்தன. நாட்டு மக்கள் அனைவருக்கும் அது நற்செய்தி. ஆனால் மின்வெட்டு அட்டவணையையும் அவசர இன்வெர்ட்டர் விலையையும் மட்டுமே நம்பி எழுதியவர்களுக்குத் தேடி வருவோர் குறையாமல் இருந்திருக்க வழியில்லை. மின்வெட்டைப் பற்றி எழுதாமல், வீட்டு மின்செலவைக் குறைப்பதைப் பற்றி எழுதத் தொடங்கியவருக்கு அதே அறிவு இன்றும் பயன்படும். துறையின் எல்லையை வகுக்கும்போது, தற்காலிகத் தொல்லையின் மேல் அதைக் கட்டக் கூடாது; தீராத தேவையின் மேல் கட்ட வேண்டும்.

பணம் தரும் நிறுவனமும் தன் விதியை மாற்றலாம். தன் பொருள்களுக்கு இணைப்புக் கொடுத்து வாங்குவோரை அனுப்பும் தளங்களுக்கு அமேசான் கமிஷன் தருகிறது. 2020 ஏப்ரலில் அந்த விகிதங்களை அது குறைத்தபோது, வீட்டுச் சாமான்களுக்கு 8 சதவீதமாக இருந்தது 3 சதவீதமாயிற்று. மளிகைப் பொருள்களுக்கு 5 சதவீதம் 1 சதவீதமாயிற்று. ஒரே பொருள் வகையை அந்தக் கமிஷனுக்காக மட்டும் எழுதியவர்களின் வருமானம், வாசகர் ஒருவர்கூடக் குறையாமலேயே பாதிக்கும் கீழே சரிந்தது. பல பொருளில் எழுதியவருக்கு இப்படிப்பட்ட அடி ஒரே நாளில் முழுமையாக விழுவதில்லை என்பது பல்பொருள் எழுத்தின் உண்மையான பலம். அந்தப் பலத்தை ஒற்றைத் துறையினர் வேறு வழியில் பெற முடியும்: துறையை ஒன்றாக வைத்துக்கொண்டு வருமான வழிகளைப் பலவாக்கலாம். விளம்பரம், கமிஷன், சிறு மின்னூல், கட்டணத்துக்குச் செய்து தரும் சேவை ஆகிய நான்கும் ஒரே துறையைச் சுற்றி அமையலாம்.

நம் இடத்தில் எந்தத் துறைகள்

இங்கேதான் ஒப்பீடு உண்மையில் பயன்தர வேண்டும் என்று விரும்புகிறேன். ஒற்றைத் துறை என்று கேட்டதும் பலர் உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கானோர் எழுதும் துறையை நோக்கியே ஓடுகிறார்கள். நம் கைக்கு எட்டிய சிலவற்றை எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, குடும்ப வேர்களைத் தேடுதல். 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து டர்பன் வந்தடைந்தது முதல் 1911 வரை, 1,52,184 பேர் நட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தனர். அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டு, பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, ஊர் ஆகியவை கப்பல் பட்டியல்களில் பதியப்பட்டன. வெஸ்ட்வில்லில் உள்ள க்வாஸூலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தின் வழியாக இப்பட்டியல்களைப் பார்க்க முடிகிறது. தம் முன்னோரின் ஊரைத் தேடும் கோவெண்டர்களும் பிள்ளைகளும் மூட்லிகளும் படையாச்சிகளும் இங்கு மட்டுமன்றி, ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களிலும் உள்ளனர்.

இந்தத் தேடலில் தமிழ் அறிந்த ஒருவர் சொல்லக்கூடியதை வேறெவரும் எளிதில் சொல்லிவிட முடியாது. பட்டியலில் வட ஆர்க்காடு என்று மட்டும் கண்டவர், அது இன்றைய வேலூர் மாவட்டம் என்று நினைத்துப் பயணச்சீட்டு வாங்கிவிடுவார். 1911 ஏப்ரல் வரை சித்தூர்ப் பகுதியும் வட ஆர்க்காட்டிலேயே இருந்தது. ஆகவே தேடும் ஊர் இன்று ஆந்திரப் பிரதேசத்தில் இருக்கலாம். தமிழ்நாட்டுப் பக்கத்தில் இருந்தால், அது திருவண்ணாமலை, வேலூர், 2019-இல் வேலூரிலிருந்து பிரிந்த ராணிப்பேட்டை, திருப்பத்தூர் ஆகிய மாவட்டங்களில் எதிலும் அமையலாம். செங்கல்பட்டு என்று பதிவான ஊர் இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இல்லாமல், காஞ்சிபுரம் மாவட்டத்திலோ திருவள்ளூர் மாவட்டத்திலோ இருக்கலாம். ஆங்கில எழுத்தர் தம் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப் பெயரை வைத்து, குறித்த தாலுகாவில் எந்த ஊர்கள் அதற்குப் பொருந்தும் என்று ஊகிக்கத் தமிழ்க் காது வேண்டும். ஒவ்வொரு மாவட்டத்துக்கும் ஒரு கட்டுரை, ஒவ்வொரு வகைப் பதிவுக்கும் ஒரு கட்டுரை, இந்தியா சென்று தேடுவோருக்கான வழிகாட்டல் என்று எழுதினால் பல ஆண்டுகளுக்குப் பொருள் தீராது. விளம்பரத்தைவிட, ஒரு குடும்பத்துக்காகத் தேடிக் கொடுக்கும் கட்டணச் சேவையில்தான் இதன் வருமானம் இருக்கிறது. வாசகர் எண்ணிக்கை சிறிதாகவே இருக்கும்; 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய, ஆசிய வம்சாவளியினராக எண்ணப்பட்டோர் சுமார் 17 இலட்சம் பேர்தான், அவர்களிலும் தமிழ் வழியினர் ஒரு பகுதியினரே. விளம்பரத்தை மட்டும் நம்பினால் இந்தத் துறை ஏமாற்றிவிடும். பக்கவாட்டில் விரிவதற்கும் இடம் உண்டு: மோரீஷியஸில் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனம் அந்நாட்டு ஒப்பந்தத் தொழிலாளர் ஆவணங்களைக் காத்துவருகிறது, அங்குள்ள தமிழ்க் குடும்பங்களும் இதே கேள்விகளைக் கேட்கின்றன.

இரண்டாவது, டர்பன் சமையல். பொதுவான இந்தியச் சமையல் என்று எழுதினால் இந்தியாவிலிருந்து எழுதும் பெருந்தளங்களோடு மோத வேண்டியிருக்கும். ஆனால் பன்னி சௌ, சுகர் பீன்ஸ் கறி, டர்பன் பிரியாணி, புரட்டாசி மாதத்துச் சைவச் சமையல், ஆடி மாதம் அம்மன் கோயிலில் காய்ச்சும் கூழ் ஆகியவற்றை நம் வீட்டு அளவுகளோடு எழுதக்கூடியவர்கள் நம்மவர்களே. சிட்னியிலும் லண்டனிலும் ஆக்லாந்திலும் வாழும் தென்னாப்பிரிக்கர் இந்தச் சுவையை அங்குக் கிடைக்கும் பொருள்களைக் கொண்டு எப்படி உருவாக்குவது என்று தேடுகிறார்கள். அந்நாட்டு வாசகர்களுக்கு விளம்பர விலை உயர்ந்தது என்பதால் விளம்பர வருமானத்துக்கு இது முந்தைய துறையைவிட மேலானது. ஒவ்வொரு குறிப்பையும் சமைத்து, படம் எடுத்து, அளந்து எழுத வேண்டியிருப்பதால் உழைப்பும் செலவும் அதிகம்.

திருவிழா வழிகாட்டலை ஒரு தனித்துறையாகப் பலர் நினைக்கிறார்கள். தைப்பூசக் காவடி, சித்திரைக் காவடி, புனித வெள்ளியை ஒட்டி இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் கூடும் பெருங்கூட்டம் ஆகியவற்றைப் பற்றித் தேடுவோர் அந்தந்த வாரங்களில் மட்டுமே வருகிறார்கள். தனித்து நிற்க இது போதாது. சமையல் தளத்துக்குள் ஒரு பகுதியாக வைப்பது நல்லது.

பணம், காப்பீடு, முதலீடு ஆகியவற்றில் விளம்பர விலை மிக உயர்ந்தது என்பதால் பலரும் அதையே சுட்டிக்காட்டுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் குறிப்பிட்ட நிதிப் பொருளை ஒருவருக்குப் பரிந்துரைப்பது, 2002-ஆம் ஆண்டின் நிதி ஆலோசனைச் சட்டத்தின்கீழ் உரிமம் பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. பொதுவான தகவலைத் தருவது வேறு, ஆலோசனை தருவது வேறு. இந்த எல்லையை அறியாதவர் அந்தத் துறையில் இறங்கக் கூடாது. மேலும் உடல்நலம், பணம் போன்ற பொருள்களில் எழுதியவரின் தகுதியையும் அனுபவத்தையும் கூகுள் கூடுதலாகக் கவனிக்கிறது. கணக்காளராகவோ காப்பீட்டு அலுவலராகவோ பணியாற்றி ஓய்வு பெற்றவருக்கு மட்டுமே இதைப் பரிந்துரைப்பேன்.

எந்த மொழியில்

துறைக்கு அடுத்து இந்தக் கேள்வி தவிர்க்க முடியாதது. தளங்களில் விளம்பரம் இட்டு அவற்றின் உரிமையாளருக்குப் பங்கு தரும் கூகுள் ஆட்சென்ஸ், 2018 பிப்ரவரியில் தமிழ்த் தளங்களை ஏற்கத் தொடங்கியது. அதற்கு முன் தமிழில் மட்டும் எழுதுபவருக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. ஆனால் தமிழ்ப் பக்கத்தைப் பார்ப்போரில் பெரும்பாலோர் இந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பதால், ஒரே எண்ணிக்கையுள்ள வாசகர்களுக்கு ஆங்கிலப் பக்கம் தருவதைவிடக் குறைவாகவே தமிழ்ப் பக்கம் தரும். நம் நாட்டில் தமிழ் வழியினரில் பெரும்பாலோர் வீட்டில் ஆங்கிலமே பேசுகிறார்கள் என்பதும் நாம் அறிந்ததே. ஆகவே வருமானம் நோக்கமானால் குடும்ப வேர்த் தேடல், டர்பன் சமையல் ஆகிய இரு துறைகளையும் ஆங்கிலத்தில் எழுதுவதே சரி. இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. தமிழில் எழுத வல்லவர்கள் இந்நாட்டில் குறைந்துவரும் காலத்தில் ஒருவரை ஆங்கிலத்தில் எழுதச் சொல்வது மனத்தை உறுத்துகிறது. ஆனால் அந்த ஆங்கிலக் கட்டுரையின் மதிப்பே எழுதுபவரின் தமிழ் அறிவிலிருந்து வருகிறது. தமிழிலும் ஒரு பகுதி வைக்க விரும்புபவர் அதைத் தமிழ்நாட்டு வாசகருக்காக, அவர்கள் வேறெங்கும் படிக்க முடியாத நட்டால் தமிழர் வாழ்வைப் பற்றி எழுதலாம். வருமானம் சிறிதானாலும் அதுவும் பிறர் எழுதாத துறையே.

பல பொருள் எழுத்து வெல்லும் ஒரே சொந்த இடம்

சொந்தப் பெயரில் எழுதினாலும் பல பொருள் எடுபடும் ஓரிடம் உண்டு. வாசகர் தேடுபொறி வழியாக வராமல், எழுதுபவரின் பெயரை நாடி வரும் மின்னஞ்சல் மடலில், இந்த வாரம் கோயிலைப் பற்றியும் அடுத்த வாரம் ஓட்டுநர் உரிமத்துக்கு வரிசையில் நின்றதைப் பற்றியும் எழுதலாம். அங்கே பொருளைவிட எழுதுபவரின் குரல்தான் வாசகரைக் கட்டிப்போடுகிறது. ஆனால் பெயர் தெரியாத ஒருவரின் பல பொருள் மடலுக்குச் சந்தா கட்டுவோர் மிகக் குறைவு. ஏதாவது ஒரு துறையில் பெயர் பெற்ற பிறகே இந்த வழி திறக்கிறது. ஸப்ஸ்டாக் போன்ற தளங்களில் சந்தாப் பணம் ஸ்ட்ரைப் என்ற பணப் பரிமாற்ற நிறுவனத்தின் வழியாகவே வருவதால், அந்நிறுவனம் நேரடிச் சேவை தரும் நாடுகளில் நம் நாடு இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்வது அவசியம்.

யாருக்கு எது

வேலை இழந்து, அடுத்த மாத வாடகைக்குப் பணம் தேடும் ஒருவர் சொந்தத் தளத்தைத் தொடங்குவது பொருந்தாது. ஆட்சென்ஸ் விளம்பர வருவாயில் ஏறத்தாழ 68 சதவீதத்தைத் தள உரிமையாளருக்குத் தருகிறது. ஆனால் கணக்கில் 100 டாலர் சேரும்வரை பணத்தை அனுப்புவதில்லை. அந்தத் தொகையைப் புதிய தளம் முதல் முறை எட்டவே பல மாதங்கள் ஆவது இயல்பு. அவர் கூலி எழுத்தில் இறங்கி, வரும் பொருளை எல்லாம் எழுதட்டும். வேலைகளுக்கு நடுவே தமக்கு எளிதாக வரும் துறையைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

நிலையான வேலையில் இருந்து வார இறுதியில் மட்டும் எழுதக்கூடியவர் நேராக ஒற்றைத் துறைத் தளத்துக்கே செல்லலாம். அவருக்கு அவசரம் இல்லை, காலம் அவர் பக்கம் இருக்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியருக்கும் இதுவே பொருந்தும். அவருடைய பல்லாண்டு அனுபவம் எந்த இயந்திரத்திடமும் இல்லாத மூலதனம். பல்கலைக்கழக மாணவருக்கு, ஒரு துறையை இப்போதே தேர்ந்து கட்டிப்போடாமல், ஓராண்டு பல பொருளில் கூலிக்கு எழுதிவிட்டு முடிவெடுக்கச் சொல்வேன்.

துறையைத் தேர்ந்ததும், தளத்துக்கு இணைய முகவரி வாங்குவதற்கு முன்பு ஒரு சோதனை செய்து பார்க்கலாம். அந்தத் துறையில் தனித்தனிக் கட்டுரையாக எழுதக்கூடிய ஐம்பது தலைப்புகளைத் தாளில் எழுதுங்கள். இருபதுக்குள் நின்றுவிட்டால் துறை குறுகியது அல்லது நமக்கு அதில் போதிய அறிவு இல்லை. ஐம்பதும் வந்துவிட்டால், அவற்றில் எத்தனைக்கு வேறு எந்தத் தளத்திலும் நல்ல விடை இல்லை என்று ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். பாதிக்கேனும் விடை இல்லாதிருந்தால் தொடங்கலாம். ஐம்பதும் ஒன்றுக்கொன்று தொடர்பின்றி வந்தால், அதை ஒரு தளமாக்காமல் அந்தந்தத் துறையின் தளங்களுக்கு எழுதிக் கொடுப்பதே லாபம்.

எந்த வழியை எடுத்தாலும் வெளிநாட்டிலிருந்து வரும் ஒவ்வொரு டாலரும் இங்கே வரிக்குரிய வருமானம். வரி ஆண்டு மார்ச் 1 முதல் பிப்ரவரி இறுதி வரை. இப்படிப்பட்ட வருமானம் உள்ளவர் தற்காலிக வரி செலுத்துவோராகப் பதிந்து, ஆகஸ்ட் இறுதிக்குள்ளும் பிப்ரவரி இறுதிக்குள்ளும் மதிப்பீட்டுக் கணக்கைத் தர வேண்டியிருக்கும். முதல் பணம் வந்த நாளிலிருந்தே வரவையும், இணையக் கட்டணம், தளப் பெயர்க் கட்டணம் போன்ற செலவுகளையும் தனி ஏட்டில் எழுதிவருபவருக்கு, எந்தத் துறை தமக்கு உண்மையில் பணம் தருகிறது என்பதும் அதே ஏட்டிலிருந்து தெரியவரும்.